வளவும் கந்தோரும்

நேற்று அஸறுத் தொழுகைக்குப் பிறகு குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன், மச்சி. உள்ளறையில் இளைய மகளின் தொலைபேசியில் இருந்து ஒரு புல்லாங்குழல் கேட்டது. நாலு சுரம் ஏறி, கொஞ்சம் நின்று, ஒரு சுரம் இறங்கும். கை தானாக நின்றுவிட்டது. நான் எழுந்து போவதற்குள் அந்தத் தாமரைக் குளம் வந்துவிட்டது. அதன்மேல் மழை. பிறகு அந்தப் பெரிய வீட்டின் தூண்கள். நாம் சேர்ந்து பார்த்த அந்தச் சிங்கள நாடகத்தை யாரோ பழைய நாடா ஒன்றிலிருந்து எடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள்.

“உம்மா, இது என்னத்துக்கு இவ்வளவு மெதுவாப் போகுது? அந்தப் பொம்புள ஒரு கதவத் தொறக்க எவ்வளவு நேரம்?” என்று மகள் கேட்டாள்.

ஏறக்குறைய முப்பது வருடத்துக்கு முன் நான் உங்களிடம் கேட்ட அதே கேள்வி. இதை உடனே உங்களுக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது. நீங்கள் அடங்கியிருக்கிற மையவாடிக்கு நம் ஊரில் பெண்கள் போவதில்லை. உங்கள் தம்பி, என் கணவர், வெள்ளிக்கிழமைகளில் போய் உங்களுக்கு ஸலாம் சொல்லிவிட்டு வருகிறார். எனக்குச் சொல்ல இருப்பது ஸலாமோடு முடிகிற விடயம் அல்ல. அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் கல்முனையில் உங்கள் வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தது. உங்கள் கணவர் சவூதியில் இருந்து அனுப்பிய தொலைக்காட்சிப் பெட்டி உங்கள் மண்டபத்தில், பூப்போட்ட துணி மூடி, மணப்பெண் மாதிரி இருக்கும். கடற்காற்று பலத்தால் அன்டனா திரும்பிவிடும். உரலைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி, குழாயை நீங்களே திருப்புவீர்கள். “இப்ப தெரியுதா புள்ள?” என்று வெளியிலிருந்து கேட்பீர்கள். “மூஞ்சி தெரியுது மச்சி, உடம்பு தெரியல்ல” என்று நான் உள்ளிருந்து சொல்வேன்.

தமிழில் நாடகம் அரிதாகத்தான் வரும். சிங்கள நாடகம் வாரத்துக்கு ஒரு பாகம் என்று மாதக் கணக்கில் ஓடும். நாங்கள் பார்த்தது இரண்டு. ஞாயிற்றுக்கிழமை நாடகத்துக்கு ‘வளவு’ என்று பேர் வைத்தோம். அதில் வந்த பெரிய வீட்டை அவர்களும் ஏறக்குறைய அப்படித்தான் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை நாடகம் ‘கந்தோர்’. இரண்டுக்கும் சொந்தப் பெயர்கள் இருந்தன, நம் வாயில் அவை நுழையவில்லை. எனக்கு அப்போது சிங்களம் ஒரு சொல் தெரியாது. உங்கள் வாப்பா மலைநாட்டுப் பக்கம் ஒரு சிங்கள ஊரில் புடவைக்கடை வைத்திருந்ததால் ஐந்தாம் வகுப்பு வரை நீங்கள் அங்கே படித்தவர். பேச்சும் எழுத்தும் உங்களுக்கு மறக்கவில்லை. நாடகம் ஓட ஓட என் காதுக்குள் தமிழில் சொல்வீர்கள். சில இடங்களில் நீங்கள் சொன்னது பிழை என்று அடுத்த கிழமைதான் தெரியவரும். அப்போதும் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள்.

வளவின் கதையை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். தகப்பன் இறந்துபோன பெரிய வீடு. மூன்று அண்ணன்மார், ஒரு தங்கை. தங்கையின் பங்கு வயலைத் தங்களுக்கு எழுதித் தரும்படி அண்ணன்மார் கேட்கிறார்கள். இதையே ஆறு மாதம் காட்டினார்கள். சத்தம் போட ஆளில்லை. விளக்கேற்றினால் திரி பற்றும்வரை காட்டுவார்கள். கந்தோர் அதற்கு நேர்மாறு. கொழும்பில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிற பெண், வாடகை அறை, கம்பி முறிந்த குடை, நெரிசல் பஸ். மேலதிகாரியோடு வாய்ச்சண்டை பிடிப்பாள், தாய்க்குச் சீத்தைத் துணி வாங்கி ஊருக்கு அனுப்புவாள், அறைக்காரியோடு தண்ணீருக்குச் சண்டை பிடிப்பாள்.

நான் கந்தோர்ப் பக்கம். நீங்கள் வளவுப் பக்கம். பிட்டு அவிக்கும்போதும் சண்டை, உடுப்புக் காயப்போடும்போதும் சண்டை.

“வளவுல ஆரு மச்சி சோறாக்கிற? ஆறு மாசமா ஒரு அடுப்பு எரிஞ்சு நான் காணல்ல. இவங்க என்னத்தத் திண்டு உசிரோட இரிக்காங்க?”

“உன்ட கந்தோர்க்காரி ஏன் வெல்லுறா தெரியுமா? எழுதினவன் அந்த அதிகாரிய மடையனா எழுதிப்போட்டான். மடையனோட மல்லுக்கட்டி வெல்லுறது பெரிய கதையா? வளவு அண்ணன்மாரப் பாரு. ஒருத்தனும் மடையன் இல்ல. ஒவ்வொருத்தனுக்கும் ஒரு நியாயம் இரிக்கி. அதுதான் நெஞ்சுல குத்துது.”

நேற்று மகளோடு உட்கார்ந்து மூன்று பாகம் பார்த்தேன். நீங்கள் சொன்னது உண்மைதான். மூத்த அண்ணன் தங்கையிடம் கேட்க வந்துவிட்டு, கேட்காமல் அவள் கிணற்றடி வாளிக்குக் கயிறு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போகிறான். அந்தக் காலத்தில் அதை நான் கவனிக்கவேயில்லை. கந்தோரை இணையத்தில் தேடினோம், கிடைக்கவில்லை. கிடைத்தாலும் என் கட்சி மாறாது என்றுதான் நினைக்கிறேன்.

வளவின் கடைசிப் பாகம் வந்த ஞாயிறு ஞாபகம் இருக்கிறது. தங்கை எழுத மாட்டாள் என்று நீங்கள் பந்தயம் கட்டாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு அதை வாசித்தார். அதில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது. “கெமெத்தென்ம.” என்ன அது என்று கேட்டேன். “தன்ட முழு விருப்பத்தோட” என்றீர்கள். அந்தப் பெண் பேனையை எடுத்தாள். கையெழுத்து வைத்தாள். புல்லாங்குழல் வந்தது, முடிந்துவிட்டது.

நீங்கள் எழுந்து பெட்டியை நிற்பாட்டி, துணியைப் போட்டு மூடினீர்கள். “வெச்சிட்டாளேகா” என்று மட்டும் சொன்னீர்கள். பிறகு இரண்டு நாள் அவளை ஏசிக்கொண்டு, என்னிடமும் எரிந்து விழுந்தீர்கள், நான்தான் கையெழுத்து வைத்தவள் போல.

அந்த நாட்களில்தான் எங்கள் காணிப் பிரச்சினையும் முற்றியது. வரிப்பத்தான்சேனைக்கு அங்கால் உள்ள வட்டையில் என் உம்மா எனக்குச் சீதனமாகத் தந்த மூன்று ஏக்கர் வயல். அதன் பக்கத்து வரம்போடு உங்கள் உம்மாவின் வயல், அவர் உங்களுக்கென்று விட்டுப்போனது. யுத்தம் நடந்த காலம். கலவரத்துக்குப் பிறகு நாலைந்து போகம் அந்தப் பக்கம் யாரும் போகவில்லை. இரண்டும் பற்றைக்காடாகிவிட்டன. போகலாம் என்று நிலைமை வந்தபோது, அரசாங்கம் தந்த காணி அனுமதிப்பத்திரத்தை, பெமிட்டை, புதுப்பித்தால்தான் விதைக்கலாம் என்றார்கள். அதற்குப் போக வேண்டிய காணி அலுவலகத்தில் எல்லாம் சிங்களம். ஆண்கள் போனால் வழியில் ஒவ்வொரு சோதனைச்சாவடியிலும் இறக்கி விசாரிப்பார்கள். உங்கள் தம்பி ஒருமுறை போய், பாதி வழியில் மூன்று மணித்தியாலம் வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். இனி அந்த வயல் வேண்டாம் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எங்களுக்கு வேறு வயல் இல்லை. மூன்று பிள்ளைகள்.

நீங்கள் வந்து அவரைப் பார்த்தீர்கள். “நீ வீட்டுல இரு தம்பி. பொதன்கிழம நானும் இவளும் போறம்” என்றீர்கள்.

முதல் புதன் போனோம். அங்கிருந்த எழுதுவினைஞர் நடுத்தர வயது, மெலிந்த ஆள், மூக்குக்கண்ணாடி. நீங்கள் வளவு நாடகத்தில் கேட்ட பெரிய மரியாதைச் சிங்களத்தில் அவரைக் கூப்பிட்டீர்கள். அவர் நிமிர்ந்து, தன்னைத்தான் கூப்பிடுகிறீர்களா என்று பார்த்தார். அடுத்த கிழமை வரச் சொன்னார். இரண்டாம் புதன் ஒரு தாளை நீட்டினார். நாங்கள் வந்து போனதற்குப் பதிவு, கீழே கையெழுத்து வைத்துவிட்டுப் போகலாம் என்றார்.

எனக்குக் களைப்பு. சம்மாந்துறையில் பஸ் மாறி, இரண்டு இடத்தில் இறங்கி நடந்து, கடைக்குட்டியை என் உம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். பேனையை வாங்கிவிட்டேன். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள்.

“நில்லு. நான் வாசிக்கிறன்.”

பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். ஒருவர் சலித்துக்கொண்டார். நீங்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து வாசித்தீர்கள். எழுதுவினைஞர் விரலால் மேசையைத் தட்டினார். மூன்றாம் வரியில் உங்கள் விரல் நின்றது. முகம் மாறியதை நான் பார்த்தேன்.

“கெமெத்தென்ம” என்றீர்கள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. “புள்ள, இது வந்து போன பதிவு இல்ல. இந்த வயல நீ உன்ட முழு விருப்பத்தோட விட்டுக்குடுக்கிறாய், வேற எங்கயாச்சும் தந்தா எடுத்துக்குவாய் எண்டு எழுதியிரிக்கி.”

பேனை கையிலிருந்து விழவில்லை. நான் அதை மேசையில் வைத்தேன். அந்த மனிதர் தெரிந்து செய்தாரா, மேலிருந்து கொடுத்த தாளை வாசிக்காமல் நீட்டினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நீங்கள் அவரோடு சண்டை பிடிக்கவில்லை. தாளை நேராக மடித்து அவரிடம் திருப்பிக் கொடுத்து, “இதுல எங்களுக்கு விருப்பம் இல்ல. எங்கட வயல்தான் எங்களுக்கு வேணும்” என்று சிங்களத்தில் சொன்னீர்கள். கையெழுத்து இல்லாவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள் என்றார். “மூடினா திரும்பத் தொறப்பாங்க. நாங்க வருவம்” என்றீர்கள்.

மூன்றாம் புதனில் கோப்பே இல்லை என்றார்கள். அடுத்த கிழமை வாருங்கள்.

அன்று எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை, மச்சி. முந்திய இரவுதான் கந்தோர்க்காரி தன் மேலதிகாரியின் முன்னால் எழும்ப மாட்டேன் என்று குடையோடு உட்கார்ந்திருந்தாள். நான் அங்கே கிடந்த வாங்கில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, குடையை அதன்மேல் குறுக்கே வைத்து, வாழ்நாளில் முதன்முதலாகச் சிங்களத்தில் பேசினேன்.

“மம யன்னே நே.” நான் போகமாட்டேன்.

எழுதுவினைஞர் என்னைப் பார்த்தார், குடையைப் பார்த்தார், பக்கத்து மேசைக்காரரைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். நேற்று நாடகம் பார்த்தீர்களா என்று கேட்டார். எனக்கு அது விளங்கியது. “ஓம்” என்று தமிழிலேயே சொன்னேன்.

அந்த இடத்திலும் உங்களால் சும்மா இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை முடிந்துபோன நாடகம்தான் நல்லது என்று அவரிடம் சொன்னீர்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது உண்மை, செவ்வாய்க்கிழமை நாடகத்தில் காட்டுகிற மாதிரி எந்தக் கந்தோரும் இல்லை, நாங்கள் அப்படி மடையர்களும் இல்லை என்றார். நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள்.

“கேட்டியா? நான் என்ன சொன்னன்?”

வயல் போகிறதா வருகிறதா என்று தெரியாத நேரத்தில், உங்கள் கட்சி வென்ற சந்தோசம் உங்கள் முகத்தில். எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

அவர் எழுந்து உள்ளே போனார். மதிய ளுஹர் பாங்கு நேரம் தாண்டியும் தேடினார். வேறோர் ஊரின் கட்டோடு சேர்த்துக் கட்டியிருந்ததாம். தூசியைத் தட்டிக்கொண்டு எங்கள் முன்னால் வைத்தார். அதற்காக எல்லாம் அன்றே நடந்துவிடவில்லை. மொத்தம் பதினொரு புதன்கிழமை போனோம். ஒரு தாளும் நீங்கள் வாசிக்காமல் நான் தொடவில்லை. பதினோராவது புதன் என் பெமிட் என் கைக்கு வந்தது. அந்தப் பெரும்போகத்தில் விதைத்தோம். முளைத்த வயலைப் பார்க்க நீங்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரம்பில் நடந்து வந்தீர்கள். இந்தப் பக்கம் பச்சை. அந்தப் பக்கம், உங்கள் உம்மாவின் வயலில், இடுப்பளவு பற்றை.

“உங்கடத முதல்ல பார்த்திரிக்கலாமே மச்சி” என்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

“உன்ட பெமிட் உன்ட பேர்ல இரிந்திச்சி. என்டது மௌத்தான உம்மாட பேர்ல. லேசான வேலய முதல்ல முடிக்கணும். மறுகா என்ட.”

அந்த ‘மறுகா’ வருடங்களாக நீண்டது. உம்மாவின் மரணப்பதிவில் பெயரின் ஓர் எழுத்து மாறியிருந்தது. அதைத் திருத்தியபோது அதிகாரி மாறினார். புது அதிகாரி வேறு தாள் கேட்டார். கந்தோர் நாடகம் ஒரு கலியாணத்தோடு முடிந்தது. சண்டைக்காரியைச் சிவப்புச் சாரி உடுத்தித் தலைகுனிய வைத்துவிட்டார்கள் என்று நான் பொருமினேன், நீங்கள் சிரித்தீர்கள். சுனாமியாகக் கடல் வந்த வருடம் உங்கள் வீட்டோடு பத்திரங்கள் எல்லாம் போயின. கூடாரத்தில் இருந்தபடி என்னிடம் கேட்டீர்கள், “உன்ட வீட்டுல ஒரு கொப்பி இரிந்திச்சே, அதுல பைல் நம்பர் எழுதி வெச்ச நீதானே?” இருந்தது. முதலிலிருந்து தொடங்கினீர்கள்.

பிறகு உங்கள் சிறுநீரகம் பழுதாகியது. கிழமைக்கு இரண்டு தடவை இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். அதில் ஒரு நாள் புதன். “வேற நாளா மாத்தித் தரச் சொல்லு புள்ள, கந்தோருக்குப் போகணும்” என்று தாதியிடம் கேட்கச் சொன்னீர்கள். நான் கேட்டேன். மாற்றியும் தந்தார்கள். இரண்டு முறை என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். மூன்றாம் முறை பஸ் படியில் கால் வைக்க முடியவில்லை. திரும்பி வீட்டுக்கு நடந்தோம்.

கடைசியாக நாம் மனம்விட்டுக் கதைத்த நாள், உங்கள் கட்டிலருகே நான் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தேன். நீங்களாகத்தான் தொடங்கினீர்கள்.

“வளவுப் பொண்ண நான் எவ்வளவு ஏசினன். வெச்சிட்டாளே, வெச்சிட்டாளே எண்டு.”

“ஓம் மச்சி. ரெண்டு நாளா எனக்கும் ஏச்சு.”

“அவளில பிழ இல்ல புள்ள. அந்த நொத்தாரிசு வாசிக்கக்குள்ள அவளுக்குப் பக்கத்துல ஆரு இரிந்தா? மூணு அண்ணன்மாரும் முன்னுக்கு. பக்கத்துல ஒரு குஞ்சும் இல்ல. தனிய இரிந்தா நானும்தான் வெச்சிரிப்பன்.”

நான் உரித்த சுளையை உங்கள் வாயில் வைத்தேன். “நீங்க வெச்சிரிக்க மாட்டீங்க” என்றேன். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். ஓம் என்றா இல்லை என்றா என்று எனக்கு விளங்கவில்லை. அடுத்த மாதம் உங்கள் ஜனாஸா.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். உங்கள் மகன் கட்டாரில் இருக்கிறான். அந்த வயல் இனிச் சரிவராது மாமி, விட்டுவிடுவோம் என்று தொலைபேசியில் சொன்னான். விட முடியாது மகன், உன்ட உம்மா விடல்ல என்றேன். பிறகு அதிகாரக் கடிதம் எழுதி அனுப்பினான். உங்கள் மருமகளுக்கு அலுவலகம் என்றால் பயம். அவளைக் கூட்டிக்கொண்டு ஐந்து புதன் போய்விட்டேன். முதல் நாள் தாளைக் கண்டதும் பேனையைத்தான் தேடினாள். நான் அவள் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சிங்கள எழுத்து எனக்கு நாற்பது வயதுக்குப் பிறகுதான் பிடிபட்டது, இப்போதும் மெதுவாகத்தான் வாசிப்பேன். பின்னால் நிற்பவர்கள் சலித்துக்கொண்டால் சலித்துக்கொள்ளட்டும்.

இப்போதிருக்கிற அதிகாரி ஒரு சிங்களப் பிள்ளை, என் இளைய மகளின் வயதிருக்கும். காணிக்காரிக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டாள். “நேனா” என்றேன். மச்சி என்பதற்கு அவர்களுடைய சொல் அதுதான். இவ்வளவு வருடமாகவா வருகிறீர்கள் என்று கோப்பைப் புரட்டிப் பார்த்தாள். அதில் உங்கள் கையெழுத்து எத்தனை இடத்தில் இருக்கிறது, மச்சி. ஒவ்வொன்றும் விண்ணப்பத்தின் கீழே. விட்டுக்கொடுத்ததாக ஒன்றுகூட இல்லை. சிங்களம் எங்கே படித்தீர்கள் என்று கேட்டாள். தொலைக்காட்சியில் என்றேன். எந்த நாடகம் என்று கேட்கவில்லை. அவள் தவழ்ந்துகொண்டிருந்த காலத்து நாடகம்.

போன மாதம் நில அளவையாளர் வந்தார். பற்றையை வெட்டி வழி எடுத்துக் கொடுத்தோம். உங்கள் தம்பியும் வந்தார். இப்போது அந்தப் பாதையில் யாரும் அவரை இறக்கி விசாரிப்பதில்லை. என்றாலும் பழைய சாவடி இருந்த இடம் வந்ததும் சட்டைப் பையில் அடையாள அட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நாலு மூலைக்கும் கல் நட்டாகிவிட்டது. மருமகள் வரம்பில் நின்று படம் எடுத்து மகனுக்கு அனுப்பினாள். அவன் அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுத்து அனுப்பச் சொன்னான்.

இனி ஒரு தாள்தான் பாக்கி. ஆறு மாதம் ஆகலாம் என்கிறாள் அந்தப் பிள்ளை, ஒரு வருடமும் ஆகலாம். எனக்கு முழங்கால் நோவு. சம்மாந்துறையில் பஸ் மாற இறங்கும்போது மருமகள் கையைத் தருகிறாள். அந்தப் பெமிட்டில் உங்கள் மகனின் பெயர் ஏறும்வரை என் புதன்கிழமைகளுக்கு வேறு வேலை இல்லை, மச்சி.